அண்ணாச்சி சர்வரும் ஒத்தைக் கோலனும்

ரீபூட் குடுத்துட்டு பிங் (சர்வர் உயிரோட இருக்கான்னு தட்டிப் பாக்கிற கமாண்டு) ஓட விட்டேன். ரெண்டு நிமிஷம் ஆச்சு, மூணு ஆச்சு, டெர்மினல்ல ஒரு வரி கூட வரல. சர்வர் இருக்கிறது ஜெர்மனில ஏதோ ஒரு டேட்டா சென்டர்ல, நான் இருக்கிறது பாளையங்கோட்டைல மாடி ரூம்ல. கிணத்துக்குள்ள விழுந்த செம்பை பாதாளக்கரண்டி விட்டுத் தேடுவாங்கல்ல, கயிறு போய்க்கிட்டே இருக்கும், எதுவும் சிக்காது, அந்த மாதிரி இருந்துச்சு. அஞ்சாவது நிமிஷம் தண்ணி குடிச்சேன், பத்தாவது நிமிஷம் கீழ போய் காரணமே இல்லாம கேட்டு பூட்டிருக்கான்னு பாத்துட்டு வந்தேன்.

விஷயம் இதுதான். இங்க ஒரு அண்ணாச்சி பார்சல் சர்வீஸ் நடத்துறார், நாலு ஊர்ல புக்கிங் ஆபீஸ் இருக்கு, எல்லாத்துக்கும் ஒரே சாஃப்ட்வேர், அது ஓடுறது ஒரே ஒரு வாடகை சர்வர்ல. முன்னாடி இந்த வேலையைப் பாத்த பையன் வாடகை கம்மியா கிடைக்குதுன்னு ஜெர்மனில எடுத்துப் போட்டுட்டு வெளிநாடு போயிட்டான், அது என் தலைல வந்து விழுந்துச்சு. அதுல இருந்தது சென்ட்ஓஎஸ் 7, இலவச லினக்ஸ் ஓஎஸ். அதுக்கு ஆயுசு 2024 ஜூன் 30 வரைக்கும்தான்னு வருஷக்கணக்கா எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் நான் உக்காந்தது அதே ஜூன் 30 ராத்திரிதான். ஒரு நாள் முன்னாடி சனிக்கிழமையே முடிச்சிருக்கணும், அன்னைக்கு டி20 உலகக்கோப்பை ஃபைனல். சவுத் ஆப்பிரிக்காவை ஜெயிச்ச அந்த ராத்திரி யாராவது சர்வர் வேலை பாத்திருந்தா அவங்களுக்கு என் வணக்கம்.

சென்ட்ஓஎஸ் 8-க்கு எப்பவோ போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. அது இன்னும் பெரிய கூத்து. 8-க்கு 2029 வரைக்கும் கவலை இல்லன்னு நம்பிக்கிட்டு இருந்தப்ப, 2020 டிசம்பர்ல திடீர்னு அறிவிச்சு 2021 கடைசியோட இழுத்து மூடிட்டாங்க. 7-லயே சோம்பேறித்தனமா உக்காந்திருந்தவன் தப்பிச்சான், முன்னேறிப் போனவன் மாட்டிக்கிட்டான். அதுக்கப்புறம்தான் அதுக்கு மாத்தா ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் எல்லாம் வந்துச்சு. நான் போக நினைச்சது ஆல்மா 9.4. 2032 மே வரைக்கும் அப்டேட் வரும், அதுவரைக்கும் அண்ணாச்சியும் நானும் நிம்மதியா இருக்கலாம்னு ஒரு கணக்கு.

புது சர்வர் ஒண்ணு எடுத்து அதுல போட்டுட்டு மெதுவா மாத்திக்கலாமேன்னா, எஸ்எம்எஸ் அனுப்புற கம்பெனில இந்த சர்வரோட ஐபி முகவரியைத்தான் பதிஞ்சு வச்சிருக்கு, அதை மாத்த அலையணும், அதோட "ரெண்டு வாடகையா தம்பி?"ன்னு அண்ணாச்சி கேட்டா என்கிட்ட பதில் இல்ல. ஆல்மாக்காரங்களே எலிவேட்னு ஒண்ணு வச்சிருக்காங்க, இருக்கிற சிஸ்டத்தை அப்படியே மேல ஏத்தி விடும், ஆனா அந்தப் பையன் பண்ணி வச்சிருந்த குப்பையையும் சேத்து ஏத்த எனக்கு மனசு வரல. சுத்தமா துடைச்சுட்டு புதுசா போடணும். சாஃப்ட்வேரை புது பிஹெச்பில (அதை எழுதியிருக்கிற மொழி) ஓட வைக்கிற வேலை முன்னாடியே லேப்டாப்ல முடிஞ்சிருச்சு, அது தனிக்கதை, அதைப் பத்திப் பேசினா எனக்கு பிபி ஏறும்.

சரி, கைக்கு எட்டாத மெஷின்ல ஓஎஸ் எப்படிப் போடுறது? சிடி போட முடியாது, பென்டிரைவ் சொருக முடியாது. நல்ல சர்வரா இருந்தா ஐபிஎம்ஐ மாதிரி ஒண்ணு இருக்கும், ஸ்கிரீன், கீபோர்டு எல்லாம் நெட்வொர்க்லயே வந்துரும். இது அடிமட்ட வாடகை சர்வர், கன்சோல் வேணும்னா டிக்கெட் போட்டு மணிக்கணக்குல காசு கட்டணும்.

அதனால பழைய தந்திரம் ஒண்ணு. சென்ட்ஓஎஸ் 5 காலத்துலேர்ந்து ஆளுங்க பண்ணிக்கிட்டு இருக்கிறதுதான். ஓடிக்கிட்டு இருக்கிற சிஸ்டத்துக்குள்ளயே புது ஓஎஸ்ஸோட இன்ஸ்டாலர் கெர்னலையும் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி), கூடவே வர்ற, பூட் ஆகுறப்ப ராம்ல ஏறுற இனிட்-ஆர்டி ஃபைலையும் டவுன்லோட் பண்ணி பூட் ஃபோல்டர்ல போட்டுடணும். பிஎக்ஸ்இ பூட்டுக்குன்னு (நெட்வொர்க்லேர்ந்தே மெஷினை எழுப்புறது) டவுன்லோட் மிரர்ல ரெண்டே ரெண்டு ஃபைல் இருக்கும், அதேதான். மெஷின் எழும்போது எந்த ஓஎஸ்ல போகணும்னு முடிவு பண்ற க்ரப் மெனுல அதுக்கு ஒரு என்ட்ரி எழுதணும். அந்த கெர்னல் வரில "இன்ஸ்ட் டாட் விஎன்சி"னு ஒரு வார்த்தையும் அதுக்கு ஒரு பாஸ்வேர்டும் சேத்துட்டா, இன்ஸ்டாலர் எழுந்திரிச்சதும் தன்னோட ஸ்கிரீனை அந்த மெஷின்ல மாட்டின மானிட்டர்ல காட்டாம, விஎன்சி (தூரத்து ஸ்கிரீனை நெட்வொர்க் வழியா பாக்கிற முறை) சர்வரா மாறி 5901 போர்ட்ல நம்மளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். இங்கேர்ந்து விஎன்சி வியூவர்ல அந்த ஐபியைப் போட்டா சிடி போட்டு பூட் பண்ண மாதிரியே மவுஸோட எல்லாம் வந்துரும். முக்கியமான விஷயம், அது முழுக்க ராம்லதான் ஓடும், "இன்ஸ்டாலை ஆரம்பி"ங்கிற பட்டனை நாம அமுக்குற வரைக்கும் டிஸ்க்குல ஒரு எழுத்து மாறாது. (இதனாலேயே சின்ன விபிஎஸ்ல, அதாவது பெரிய சர்வர்ல ஒரு துண்டை வாடகைக்கு எடுக்கிறதுல, இது நடக்காது. ஒரு தடவை 1 ஜிபி ராம் இருக்கிற விபிஎஸ்ல ஆல்மா 9-ஐ போடப் பாத்து, இன்ஸ்டாலர் இமேஜ் இறங்கும்போதே இடம் பத்தாம செத்துப் போச்சு.)

நெட்வொர்க்கே ஒழுங்கா வரலன்னா விஎன்சியும் வராது, அதுதான் இதுல கழுத்துக்கு மேல தொங்குற கத்தி. இன்ஸ்டாலருக்கு டிஹெச்சிபி (ஐபியைத் தானா குடுக்கிற வசதி) கிடைக்காத இடத்துல ஐபியை நாமளே கெர்னல் வரில எழுதணும். அந்த வரி இப்படி இருக்கும், ஐபின்னு போட்டு ஈக்வல் டு, அப்புறம்

203.0.113.10::203.0.113.1:255.255.255.0

அதுக்கப்புறம் ஹோஸ்ட் பேரு, நெட்வொர்க் கார்டு பேரு, கடைசில டிஹெச்சிபி வேண்டாம்னு சொல்ற 'நன்'. (நிஜ ஐபி இல்ல, புக்குல உதாரணம் போடுறதுக்குன்னே ஒதுக்கி வச்ச நம்பர்.) முதல் ஐபிக்கும் கேட்வேக்கும் (வெளி நெட்வொர்க்குக்குப் போற வாசல்) நடுவுல ரெண்டு கோலன் இருக்கு பாருங்க. அது எழுத்துப்பிழை இல்ல. அந்த ரெண்டுக்கும் நடுவுல இன்னொரு சர்வரோட முகவரிக்குன்னு ஒரு கட்டம் இருக்கு, நமக்குத் தேவையில்லாததால காலியா விடுறோம். ரேஷன் கார்டு ஃபாரத்துல ஒரு கட்டம் காலியா விட்டா பரவாயில்ல, ஆனா கட்டத்தையே கிழிச்சு எறிஞ்சுட்டா அடுத்தடுத்து எழுதினது எல்லாம் ஒரு கட்டம் முன்னாடி நகந்துரும்ல, அதேதான். நான் ஒத்தைக் கோலன் போட்டிருந்தேன். அதனால கேட்வே போய் சும்மா இருந்த கட்டத்துல உக்காந்துக்கிச்சு, நெட்மாஸ்க்கா இருக்க வேண்டிய 255.255.255.0 கேட்வே ஆயிருச்சு, ஹோஸ்ட் பேரு நெட்மாஸ்க் ஆயிருச்சு. ஜெர்மனில ஒரு மெஷின் திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நின்னுச்சு.

இது அப்போ எனக்குத் தெரியாது. ஆனா பயமும் ரொம்ப இல்ல, ஏன்னா நான் பெரிய புத்திசாலி மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருந்தேன். க்ரப்2-ரீபூட்னு ஒரு கமாண்டு இருக்கு, "அடுத்த ஒரு தடவை மட்டும் இந்த என்ட்ரில பூட் ஆகு, அதுக்கடுத்து வழக்கம்போல பழையதுக்கே போயிரு"ன்னு எழுதி வைக்கும். புதுசு வரலன்னா ஹோஸ்டிங் பேனல்ல ரீசெட் பட்டனை அமுக்கினா பழைய சென்ட்ஓஎஸ் திரும்பி வந்துரும். வரணும். கால் மணி நேரம் பொறுத்துட்டு ரீசெட் அமுக்கினேன்.

வரல.

இன்னொரு தடவை அமுக்கினேன். வரல. வேர்வை அப்பதான் ஆரம்பிச்சுது. மணி பதினொண்ணே கால், காலைல ஆறு மணிக்கு முதல் புக்கிங்.

என்ன ஆச்சுன்னா, அந்த "ஒரு தடவை மட்டும்"ங்கிற குறிப்பு ஒரு சின்ன ஃபைல்ல இருக்கும், க்ரப் அதைப் படிச்ச உடனே தானே அழிச்சுடணும், அழிச்சாதான் அடுத்த தடவை பழையதுக்குப் போகும். இந்த சர்வர்ல ரெண்டு டிஸ்க், பூட் பார்ட்டிஷனே சாஃப்ட்வேர் ரெய்டு (ரெண்டு டிஸ்க்கையும் ஒண்ணா சேத்து வைக்கிற முறை) மேல இருக்கு. க்ரப்புக்கு ரெய்டுலேர்ந்து படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. அதனால குறிப்பை அழிக்க முடியாம ஒவ்வொரு தடவையும் அதே உடைஞ்ச இன்ஸ்டாலருக்கே போய்க்கிட்டு இருந்துச்சு. இது எனக்கு முன்னாடியே தெரியும்னு சொன்னா நம்புவீங்களா? எப்பவோ படிச்சிருக்கேன். வீட்டுல சோதனை பண்ணிப் பாத்தப்ப விர்ச்சுவல் மெஷின்ல ஒரே டிஸ்க், அங்க கச்சிதமா வேலை செஞ்சுது, நானும் கச்சிதமா ஏமாந்தேன்.

நல்ல வேளை, பேனல்ல ரெஸ்க்யூ மோடுன்னு ஒண்ணு இருந்துச்சு, நெட்வொர்க்லேர்ந்தே ஒரு குட்டி லினக்ஸ் ராம்ல ஏறி எஸ்எஸ்ஹெச் (தூரத்துலேர்ந்து கமாண்டு அடிக்கிற வழி) குடுக்கும். அதுல பூந்து ரெய்டை மவுண்ட் பண்ணி க்ரப் என்ட்ரியைத் திறந்தேன். முதல் தடவை படிச்சப்ப எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுது. கோலனை ஒவ்வொண்ணா விரல் வச்சு எண்ணினப்பதான் ஒண்ணு குறைஞ்சுது. சேத்தேன். அழியாத அந்தக் குறிப்பை அப்படியே விட்டுட்டேன், இப்போ அது எனக்கு சாதகம்தானே. ரீபூட்.

நாலு நிமிஷம் கழிச்சு பிங்ல முதல் வரி வந்துச்சு, 160 சொச்சம் மில்லி செகண்டு. விஎன்சி வியூவர்ல ஐபியும் பாஸ்வேர்டும் போட்டேன். ஜன்னல் முதல்ல கறுப்பா இருந்து, அப்புறம் மேலேர்ந்து கட்டம் கட்டமா நிறைஞ்சு, ஆல்மாவோட மொழி தேர்வு பக்கம் வந்து நின்னுச்சு. எத்தனையோ தடவை பாத்த பக்கம்தான். அன்னைக்கு மட்டும் ஒரு நிமிஷம் கை வைக்காம பாத்துக்கிட்டு இருந்தேன்.

அந்தக் கட்டம் கட்டமா வர்றதுதான் விஎன்சியோட மொத்த சூட்சுமமும். அந்தப் பக்கம் என்ன புரோகிராம் ஓடுதுன்னு அதுக்கு அக்கறையே இல்ல, "இந்த இடத்துல இந்தச் சதுரம் மாறியிருக்கு, இந்தா படம்"னு அனுப்பும், நாம கீயையும் மவுஸையும் திருப்பி அனுப்புவோம், அவ்வளவுதான். அதனாலதான் விண்டோஸ், லினக்ஸ், இன்ஸ்டாலர் எதுவா இருந்தாலும் ஓடுது. இதை உருவாக்கினது இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல இருந்த ஆலிவெட்டி ஆராய்ச்சிக்கூடத்துல, 90-கள்ல. அதே ஊர்ல பல்கலைக்கழகத்து கம்ப்யூட்டர் லேப்ல 1991-ல காபி ஜாடி மேல கேமரா வச்ச கதை கேள்விப்பட்டிருப்பீங்க, எழுந்து போய்ப் பாத்தா ஜாடி காலியா இருக்குன்னு கடுப்பாகி, சீட்டுல உக்காந்தே பாக்கிறதுக்கு வச்சது. அந்தப் படத்தைக் காட்டுற புரோகிராம் எழுதின குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர் பின்னாடி விஎன்சி டீம்லயும் இருந்தவர். எழுந்து போகாம தூரத்துல இருக்கிறதைப் பாக்கணும்ங்கிற ஆசை ஒரே ஆள்கிட்ட ரெண்டு தடவை பலிச்சிருக்கு.

இன்ஸ்டாலரோட பேரு அனகோண்டா. பைத்தான்ல எழுதினதால பாம்பு பேரு பொருத்தம்தான். ஆனா அந்த வார்த்தையே நம்ம பக்கத்துலேர்ந்து போனதா இருக்கலாம்னு சில சொல்லாராய்ச்சிக்காரங்க சொல்றாங்க, 'ஆனைக்கொன்றான்'ங்கிற தமிழ்ச் சொல்தான் இலங்கை வழியா போய் அப்படி ஆச்சுன்னு ஒரு கட்சி, இல்ல சிங்களச் சொல்னு இன்னொரு கட்சி. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆனைக்கொன்றான்கிட்ட டிஸ்க் பிரிக்கச் சொல்லிக்கிட்டு இருக்கோம்னு நினைச்சு தனியா சிரிச்சேன்.

அனகோண்டால எனக்கு ஒரே குறை, வேலை முடிஞ்சுதுன்னு சொல்ற 'டன்' பட்டன் இடது பக்கம் மேல மூலைல இருக்கும், எல்லாரும் கீழ வலது பக்கம்தான் தேடுவாங்க. ஆரம்பிக்கிற பட்டன் மட்டும் கீழ வலது பக்கம். அதுவும் என் லேப்டாப் ஸ்கிரீன்ல அடங்கல, ஸ்க்ரோல் பண்ணித்தான் பிடிச்சேன். மவுஸை நகத்தினா அரை வினாடி கழிச்சுத்தான் அங்க நகரும், அதனால டிஸ்க் பிரிக்கிற பக்கத்துல மட்டும் ஒவ்வொரு கிளிக்குக்கும் கையை எடுத்துட்டு காத்திருந்து பாத்தேன். ரெண்டு டிஸ்க்கையும் டிக் பண்ணி, பழைய பார்ட்டிஷன் எல்லாம் அழிச்சு, திரும்ப ரெய்டு 1. மத்தபடி எந்தக் கட்டத்துல மஞ்சள் முக்கோணம் இருக்கோ அதை மட்டும் திறந்து சரி பண்ணினேன், முக்கோணம் இல்லாத பக்கம் எதையும் திறக்கல. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க.

ரூட் பாஸ்வேர்டு கேக்கும்போது மட்டும் ஒரு விஷயம். சாதா விஎன்சில போறது எதுவும் என்கிரிப்ட் ஆகாது, நாம அடிக்கிற ஒவ்வொரு கீயும் அப்படியே பச்சையா போகும். விஎன்சி பாஸ்வேர்டும் எட்டு எழுத்துக்கு மேல செல்லாது. இந்த 5900 பக்கத்து போர்ட்டை எல்லாம் நாள் பூரா தட்டிப் பாக்கிறதுக்குன்னே தானா ஓடுற புரோகிராம்கள் சுத்துது, அதனால பாஸ்வேர்டு இல்லாம மட்டும் திறந்துடாதீங்க. நான் பண்றது, அங்க ஏதாவது ஒரு தற்காலிக ரூட் பாஸ்வேர்டு குடுத்துட்டு, எல்லாம் முடிஞ்சு எஸ்எஸ்ஹெச்ல உள்ள போன முதல் வேலையா அதை மாத்திடறது. இன்ஸ்டாலரே நம்ம வீட்டு மெஷினைத் தேடி வர்ற மாதிரி தலைகீழாவும் செய்யலாம், ஆனா நம்ம ஊரு ஃபைபர் கனெக்ஷன்ல பாதி பேருக்கு சொந்த ஐபியே கிடையாது, ஒரே ஐபிக்குப் பின்னாடி தெருவே குடியிருக்கும், வெளிலேர்ந்து உள்ள வர முடியாது.

ஆரம்பிக்கிற பட்டனை அமுக்கினேன். பேக்கேஜ் 200-ஐத் தாண்டி ஓடிக்கிட்டு இருக்கு. டப்புனு ஃபேன் நின்னுச்சு.

"கரண்டு போயிட்டுல, இன்னுமா முழிச்சிருக்க?"ன்னு கீழேர்ந்து அம்மா குரல். இன்வெர்ட்டர் லைட்டும் ஃபேனும் கீழ ஹாலுக்கு மட்டும்தான், மாடில ரவுட்டர் செத்துப் போச்சு, விஎன்சி ஜன்னல் மூடிக்கிச்சு. டிஸ்க் எல்லாம் அழிஞ்சு பாதி எழுதினபடி நிக்குது. ஆனா இந்தத் தடவை நான் பதறல, ஏன்னா ஓடுறது எல்லாம் அங்கதான், என்கிட்ட இருக்கிறது வெறும் படம். டிவியை ஆஃப் பண்ணினா மேட்ச் நிக்காதுல்ல. ஃபோன்ல ஹாட்ஸ்பாட் போட்டு திரும்ப கனெக்ட் பண்ணினப்ப, அது பாட்டுக்கு 500-ஐத் தாண்டிப் போய்க்கிட்டு இருந்துச்சு. அந்த ராத்திரில எனக்குப் பிடிச்ச நிமிஷம் அதுதான்.

ரெஸ்க்யூ மோடு இருந்துச்சுன்னா இன்னொரு வழியும் இருக்குன்னு அப்புறம் ஒரு ஃப்ரெண்டு திட்டினான். ரெஸ்க்யூ லினக்ஸ்ல க்யூஇஎம்யு (விர்ச்சுவல் மெஷின் ஓட்டுற புரோகிராம்) போட்டு, சர்வரோட நிஜ டிஸ்க்கையே அதுக்கு டிஸ்க்கா குடுத்து, ஐஎஸ்ஓவை மாட்டி, அதோட விஎன்சியை எஸ்எஸ்ஹெச் டன்னல் வழியா பாக்கலாம். என்கிரிப்ஷனும் ஆச்சு, ரெஸ்க்யூ உயிரோட இருக்கிறதால கோலன் பயமும் இல்ல, விண்டோஸ், ஃப்ரீபிஎஸ்டி எது வேணாலும் போடலாம். உண்மைதான். ஆனா அதுல வேற வில்லங்கம், இன்ஸ்டாலர் தான் இருக்கிறது நிஜ மெஷின்னு நினைச்சுக்கிட்டு க்யூஇஎம்யுவோட டிரைவரை மட்டும் இனிட்-ஆர்டில கட்டி வச்சிரும், நெட்வொர்க் கார்டு பேரும் வேறயா இருக்கும், நிஜ ரீபூட்ல ஒண்ணு டிஸ்க் தெரியாது, இல்ல நெட்வொர்க் வராது. ரெண்டுக்கும் ரெண்டு விதமான தலைவலி, எனக்கு அனகோண்டா தலைவலி பழகிடுச்சு. பழகினதும் ரொம்ப நாளைக்கு இல்ல, 2025-ல வந்த ஆல்மா 10-ல விஎன்சியை எடுத்துட்டு ஆர்டிபி (மைக்ரோசாஃப்ட்டோட ரிமோட் முறை) வச்சுட்டாங்க. கெர்னல் வரில அந்த விஎன்சிங்கிற வார்த்தை மாறும், கோலன் மாறாது.

ஒண்ணரை மணிக்கு ரீபூட் ஆகி, கெர்னல் வரில குடுத்த அதே ஐபியோட எஸ்எஸ்ஹெச் கேட்டுச்சு. பாஸ்வேர்டு மாத்தி, வெப்சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் போட்டு, பேக்கப்பை ஏத்தி, நாலு மணிக்கு லாகின் பக்கம் வந்துருச்சு. டெஸ்ட் பில் ஒண்ணு போட்டேன், பிரிண்ட் வந்துச்சு, அழிச்சேன், படுத்தேன்.

ஆறே காலுக்கு அண்ணாச்சி ஃபோன்.

"தம்பி, எல்லாம் ஓடுது. முன்னைக்கு இப்ப வேகமாவே இருக்கு."

"சரிங்க அண்ணாச்சி."

"ஆனா பில்லுல நேத்து தேதில்லா விழுது? நேத்து தேதில புக்கிங் போட்டா, சரக்கு நேத்து லாரில இல்ல போயிருக்கணும்?"

அனகோண்டால நேரத்தை நாம தொடலன்னா அது நியூயார்க்குன்னு எடுத்துக்கும். மஞ்சள் முக்கோணம் எல்லாம் காட்டாது. திருநெல்வேலில திங்கக்கிழமை விடிஞ்சு டீக்கடை எல்லாம் திறந்தாச்சு, அண்ணாச்சி சர்வர்ல மட்டும் ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டே முக்கால். டைம்ஸோனை ஏசியா, கொல்கத்தான்னு மாத்த ஒரே கமாண்டு, ரெண்டு வினாடி. அதுக்குள்ள விழுந்த பதினோரு பில்லையும் கையால திருத்தி சீல் வச்சுக் குடுக்கிறதுக்கு, அண்ணாச்சி என்னைய நேர்ல வரச் சொல்லிட்டார்.